ஓட்டி காசும் மூணு 555 புத்தகமும்

மலேசியாவுல கெடா மாநிலம், பீடோங்ல எங்க தாமான்ல, அதாவது எங்க குடியிருப்புல, ஒரு அண்ணன் இருக்காரு, செக்யூரிட்டி வேலை, அம்பது தாண்டிட்டாரு, சின்ன வயசுல எஸ்டேட்ல பால்மரம் வெட்டுன கை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணி வாக்குல யூனிபார்மோட மோட்டர்ல வந்து இறங்குனாரு, ஹெல்மெட்டைக் கூட கழட்டல, கையில ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள்ள மூணு 555 புத்தகம். "தம்பி, நீதான் சம்பளக் கணக்கு பாத்த ஆளாச்சே, எனக்கு ஓட்டி சரியா போடுறானுங்களான்னு கொஞ்சம் பாரு" ன்னாரு. ஓட்டின்னா ஓவர்டைம், வழக்கமான நேரத்துக்கு மேல செய்யிற வேலைக்கு வர்ற கூலி. 555 தெரியும்தானே, மளிகைக் கடையில கடன் எழுதுற சின்னப் புத்தகம், மலாய்க்காரங்க புக்கு தீகா லீமான்னு சொல்லுவாங்க. அதுல கடனுக்குப் பதிலா நேரம் எழுதி வச்சிருந்தாரு. தேதி, உள்ள போன மணி, வெளிய வந்த மணி, அன்னிக்கு யாரு வந்து மாத்தி விட்டாங்க, பெருநாள்னா ஓரத்துல ஒரு நட்சத்திரம். சில பக்கம் மழையில நனைஞ்சு மை பரவிப் போச்சு, ஆனா ஒரு நாள் விடாம இருந்துச்சு.

ஏன் எழுதுனீங்கன்னு கேட்டேன். "எஸ்டேட்ல இருந்த காலத்துல கிராணி ஒரு நாள் என் பேரை விட்டுட்டான், கேட்டா நீ பெரட்டுக்கு வரவே இல்லன்னான், அன்னில இருந்து நானே எழுதிக்குவேன்" அப்படின்னாரு. எனக்கு கொஞ்சம் சங்கடமா போச்சு, ஏன்னா எங்கப்பா ஒரு கிராணி, பெரட்டுன்னு காலைல ஆளுங்களைப் பேரு கூப்பிடுறப்ப வருகை எழுதுற எஸ்டேட் கிளார்க். அதுக்கு மேல நானும் பதினோரு வருஷம் சுங்கை பட்டாணியில ஒரு காண்ட்ராக்டர் ஆபிஸ்ல சம்பளக் கணக்கு போட்டவன், ஓட்டியை எப்படியெல்லாம் விழுங்குறாங்கன்னு எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர்ல அதைத் தட்டுன விரலு என்னோடது. அதனால இந்த விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். மேற்கு மலேசியாவுக்கு 1955 வேலைச் சட்டம், அக்தா கெர்ஜான்னு சொல்லுறது, 1957 ஜூன் 1-ல அமலுக்கு வந்துச்சு (சபா, சரவாக்குக்கு தனித்தனி சட்டம் இருக்கு, அதை இங்க எடுக்கல). அதுல 60ஏ பிரிவுதான் வேலை நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், 2023 ஜனவரி 1 வரைக்கும் 48-ஆ இருந்ததை அன்னிலிருந்து 45-ஆ குறைச்சுட்டாங்க. அதுக்கு மேல செய்யிற ஒவ்வொரு மணிக்கும் சாதாரண மணிக்கூலியில ஒன்றரை மடங்கு. வார ஓய்வு நாள்ல கூப்பிட்டு வழக்கமான நேரத்துக்கு மேலயும் வேலை வாங்குனா அந்த மேல்மணிக்கு ரெண்டு மடங்கு, பொது விடுமுறையில அதே மாதிரின்னா மூணு மடங்கு. மாசச் சம்பளக்காரர் மே தினத்துல வேலைக்குப் போனாருன்னா, ஓட்டியை விடுங்க, வழக்கமான நேரம் செஞ்சதுக்கே ரெண்டு நாள் கூலி தனியா வரணும். நிறைய பேருக்கு "டபுள் பே"ன்னு சொல்லி ஒரு நாள் கூலியை மட்டும் சேத்துக் குடுப்பாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு நாள் கூலி அங்கயே போச்சு.

மணிக்கூலியை எப்படி எடுக்குறதுன்னு தெரியாமதான் பாதி பேரு ஏமாந்து போறாங்க. மாசச் சம்பளத்தை 26-ஆல வகுக்கணும், முப்பதாலயோ முப்பத்தொண்ணாலயோ இல்ல. அதுதான் ஒரு நாள் கூலி. அதை ஒரு நாளோட வழக்கமான வேலை நேரத்தால வகுத்தா மணிக்கூலி. இப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 2025 பிப்ரவரியில ஏறுனது, அஞ்சு பேருக்குக் கம்மியா வச்சிருக்குற முதலாளிங்களுக்கு ஆகஸ்ட்ல. 1,700-ஐ 26-ஆல வகுத்தா 65 வெள்ளி 38 காசு. எட்டால வகுத்தா 8.17. ஒன்றரை மடங்கு 12.26. இது ஒரு மணி நேர ஓட்டி. முப்பதால வகுத்துப் பாருங்க, 10.63 தான் வரும். மணிக்கு ஒரு வெள்ளி அறுபத்து மூணு காசு ஓரமா ஒதுங்கிடும், மாசம் நூறு மணி ஓட்டி செய்யிறவனுக்கு அது நூத்தி அறுபத்து மூணு வெள்ளி, வீட்டுக்கு அரிசி எண்ணெய் வாங்குற காசு.

இப்ப அண்ணனோட கணக்குக்கு வர்றேன். காலைல ஏழுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும், வாரத்துக்கு ஆறு நாள். எல்லாம் சேத்து மாசம் 2,300 "கட்டு"ன்னு பேசி எடுத்திருக்காங்க. ஸ்லிப்புல அடிப்படை 1,700, ஓட்டி 600, எல்லா மாசமும் அதே 600, பிப்ரவரியா இருந்தாலும் சரி, தீபாவளி மாசமா இருந்தாலும் சரி. ஸ்லிப்பை வாங்குனதும் நான் முதல்ல பாக்குறது இதைத்தான். ஓட்டிங்கிறது மாசத்துக்கு மாசம் ஏறி இறங்கணும், மணியை எண்ணிப் போடுறதா இருந்தா அது ஒரே நம்பரா வரவே வராது. ஒரே நம்பர் வருதுன்னா யாரும் மணியை எண்ணலன்னு அர்த்தம். இந்த மாதிரி ஸ்லிப்பை நானே எத்தனையோ அடிச்சிருக்கேன், கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டுட்டா அதுவே மாசாமாசம் வந்துக்கிட்டு இருக்கும்.

பன்னண்டு மணியில எட்டைக் கழிச்சா நாலு, இருபத்தாறு நாளுக்கு 104 மணி. 104-ஐ 12.26-ஆல பெருக்குனா 1,275 வெள்ளி. குடுத்தது 600. அதாவது மாசம் 675 வெள்ளி காணோம். ஆனா கதை அங்க முடியல, அவரோட வேலைக் கடிதத்தை எடுத்துப் பாத்தா நாளைக்கு ஏழரை மணி நேரம், வாரம் ஆறு நாள்னு போட்டிருக்கு. 2023-ல சட்டம் மாறுனதும் யாரோ புத்திசாலி கடிதத்தை மட்டும் 45 மணிக்கு ஏத்த மாதிரி திருத்திட்டாங்க, சம்பளக் கணக்கை பழையபடியே விட்டுட்டாங்க. ஏழரையால வகுத்தா மணிக்கூலி 8.72, ஓட்டி 13.08, மணியும் நாளைக்கு நாலரையா ஏறிடும், 26 நாளுக்கு 117 மணி. மொத்தம் 1,530. அப்ப காணாமப் போனது மாசம் 930 வெள்ளி. ஒரே ஆளு, ஒரே வேலை, கடிதத்துல இருக்குற அந்த அரை மணி நேரத்தால 255 வெள்ளி வித்தியாசம். கடிதத்தைக் குடுத்தப்ப அண்ணன் படிக்கக் கூட இல்ல, "கையெழுத்து எங்க போடணும்"னு மட்டும்தான் கேட்டாராம்.

ஓட்டிக்கு உச்சவரம்பும் இருக்கு, மாசம் 104 மணி, 1980-ல வந்த விதி. 117 அதைத் தாண்டிடுச்சு. இதைப் பாத்துட்டு சில கம்பெனிக்காரங்க "104-க்கு மேல சட்டப்படி ஓட்டியே கிடையாது, அதனால காசும் கிடையாது"ன்னு ஒரு வியாக்கியானம் குடுப்பாங்க. வரம்பு மீறி வேலை வாங்குனது அவங்க தப்பு, செஞ்ச வேலைக்கு கூலி குடுக்காம இருக்க அது சாக்கு ஆகாது.

யாருக்கெல்லாம் ஓட்டி உண்டுங்கிறதுல இன்னொரு குழப்பம். 2023 திருத்தத்துக்கு அப்புறம் வேலைச் சட்டம் சம்பளம் எவ்வளவா இருந்தாலும் எல்லாருக்கும் பொருந்தும், ஆனா ஓட்டி மாதிரி சில பிரிவு மட்டும் மாசம் 4,000 வெள்ளிக்கு மேல வாங்குறவங்களுக்கு கிடையாது. அந்த 4,000-ஐப் பாக்குறப்ப ஓட்டிக் காசையும் கமிஷனையும் சேக்கக் கூடாது. பேங்க்ல 4,300 விழுதே, எனக்குக் கிடையாது போலன்னு நினைச்சு சும்மா இருக்குற ஆளு நிறைய, அதுல ஆயிரம் ஓட்டியா இருந்தா அவரு உள்ளதான் வர்றாரு. அப்புறம் உடம்பால உழைக்கிற வேலை, லோரி ஓட்டுறது, அந்த மாதிரி ஆளுங்களைப் பாத்துக்கிற மண்டோர் வேலை, இவங்களுக்கு 4,000 வரம்பே இல்ல.

அலவன்ஸ் விளையாட்டைப் பத்தி நான் சொல்லாட்டி வேற யாரு சொல்றது. வேலை செஞ்சதுக்காகக் குடுக்குற அலவன்ஸ், உதாரணத்துக்கு வருகை அலவன்ஸ், அது கூலிதான், 26-ஆல வகுக்குறப்ப அதையும் சேக்கணும், போக்குவரத்து அலவன்ஸ் மாதிரி சிலது அதுல சேராது. பெரும்பாலான ஆபிஸ்ல அடிப்படையை மட்டும் வகுத்துட்டுப் போயிடுவாங்க. இன்னொண்ணு கொஞ்சம் நுணுக்கமானது. இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, கட்டுறப்ப ஓட்டிக்குக் கட்ட வேண்டியதில்ல, ஆனா அலவன்ஸுக்குக் கட்டணும். அதனால முதலாளி என்ன பண்ணுவாருன்னா, உண்மையில சம்பளமா குடுக்குற காசையே ஸ்லிப்புல "ஓட்டி"ன்னு பேரு வச்சுடுவாரு. உங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி, இபிஎஃப்பும் குறையுது, கேட்டா "ஓட்டிதான் போட்டிருக்கேனே"ன்னு ஸ்லிப்பையும் காட்டுவாரு.

"ஓட்டி கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே"ன்னு பயப்படுறவங்களுக்கு ஏழாவது பிரிவு இருக்கு. சட்டத்துல உள்ளதை விடக் குறைவான எந்த நிபந்தனையும் செல்லாது, அந்த இடத்துல சட்டத்துல உள்ளதே வந்து உக்காந்துக்கும். "நீ ஃப்ரீலான்ஸ்"னு சொல்லி கடிதமே குடுக்காம வச்சிருந்தா 101சி பிரிவு. வேலையை அவங்க கட்டுப்படுத்துறாங்களா, நேரத்தை அவங்க சொல்லுறாங்களா, சாமான் அவங்க குடுக்குறதா, இதெல்லாம் பாத்து, எழுத்துல ஒண்ணும் இல்லாட்டியும் தொழிலாளின்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஓட்டிக் கணக்கு இதேதான், எஸ்டேட்ல இப்ப நம்ம லயம் இருந்த இடத்துல தங்குற பங்களாதேஷ் பசங்களுக்கு இது யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல.

இது எப்படி இவ்வளவு பரவலா ஆச்சுன்னு யோசிச்சா, எனக்குத் தெரிஞ்சு பதில் எஸ்டேட் உடைஞ்சதுல இருக்கு. எங்கப்பா காலத்துல பெரட்டு விடியறதுக்கு முன்னாடி, மண்டோரு பேரு கூப்பிடுவாரு, அப்பா செக்ரோல்ல கோடு போடுவாரு, அந்தப் பெரிய புத்தகம்தான் எல்லாருக்கும் சோறு. தப்பு நடந்துச்சு, நடக்கலன்னு சொல்ல மாட்டேன், அரை நாள் போடுறது, பேரை விடுறது எல்லாம் இருந்துச்சு. ஆனா தப்பு நடந்தா சண்டை போட ஒரு ஆளு இருந்தாரு. தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ல அமைஞ்சது, எஸ்டேட்டுக்கு ஒரு கிளைத் தலைவர், அவரு ஆபிசுக்குப் போய் நிப்பாரு, முதலாளிமார் சங்கத்தோட போட்ட ஒப்பந்தத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசுவாரு. ரப்பர் போயி செம்பனை வந்து, எஸ்டேட்டைத் துண்டு போட்டு வித்து, ஆளுங்க தாமானுக்கும் ஃப்ளாட்டுக்கும் வந்ததுக்கப்புறம் கிடைச்ச வேலை செக்யூரிட்டி, கிளீனிங், பக்கார் ஆராங் ஃபேக்டரியில ஏஜென்ட் மூலமா ஆபரேட்டர். கிராணி போயிட்டாரு, தலைவரும் போயிட்டாரு. மிச்சம் இருக்குறது வாட்ஸ்அப்ல ரோஸ்டர் அனுப்புற ஒரு சூப்பர்வைசர், அவருக்கும் முதலாளி முகம் தெரியாது.

காண்ட்ராக்ட் வேலையில விலை பேசுறதே ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னுதான். காவல் கேக்குற இடம் பன்னண்டு மணி நேரத்துக்கு ஒரு தொகை சொல்லும், காண்ட்ராக்டர் போட்டியில விலையைக் குறைப்பாரு, யூனிபார்ம் செலவைக் குறைக்க முடியாது, தொழிலாளர் காப்புறுதிக்குக் கட்டுற சொக்சோவைக் குறைக்க முடியாது, அடிப்படையைக் குறைச்சா குறைஞ்சபட்ச சம்பளச் சட்டம் பிடிக்கும். மிச்சம் எது? ஓட்டி. அந்த ஆபிஸ்ல கொட்டேஷன் போடுறப்ப நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், விலை படியலன்னா முதல்ல வெட்டுறது அந்த வரியைத்தான்.

சரி, புகாருக்கு வருவோம். போக வேண்டிய இடம் பெஜாபாட் தெனாகா கெர்ஜா, நம்ம பேச்சுல லேபர் ஆபிஸ். எங்களுக்கு சுங்கை பட்டாணி. கெடாவுல அரசாங்க ஆபிஸ் வெள்ளி சனி மூடியிருக்கும், ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும், சனி ஞாயிறு லீவு கிடைக்கிற ஃபேக்டரிப் பிள்ளைங்களுக்கு இது ஒரு வசதி, தனியா லீவு போட வேண்டியதில்ல, இது தெரியாம சனிக்கிழமை போய் பூட்டுன கதவைப் பாத்துட்டு வந்தவங்களும் உண்டு. போன்ல 2021-ல மனிதவள அமைச்சு விட்ட ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ்ங்கிற ஆப் வழியாவும் புகார் குடுக்கலாம். ஆனா ஓட்டி கேஸுக்கு நேர்ல போறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அது கணக்கு, கணக்கை எதிர்ல உக்காந்து காட்டணும்.

இந்த ஆபிசுக்குப் போக நம்ம ஆளுங்களுக்கு ஒரு கூச்சம், போலிஸ் ஸ்டேஷன் போற மாதிரி பயப்படுறாங்க. இந்த டிபார்ட்மெண்ட் 1912-ல தொழிலாளர் சட்டத்தோட ஆரம்பிச்சதே தமிழ்நாட்டுல இருந்து கப்பல்ல கொண்டு வந்த தோட்டத்து ஆளுங்க விவகாரத்தைப் பாக்கத்தான். நம்ம தாத்தாவுக்காகத் திறந்த கதவுல பேரன் நிக்கத் தயங்குறான்.

புகார்ல ரெண்டு வகை இருக்கு, அதைக் குழப்பிக்கக் கூடாது. "இந்தக் கம்பெனியில தப்பு நடக்குது"ன்னு தகவல் குடுக்குறது ஒண்ணு, அதிகாரி போய் பதிவேட்டைப் பரிசோதிக்கலாம், தப்பு இருந்தா வழக்குப் போடலாம், பொதுவான அபராதம் இப்ப 50,000 வெள்ளி வரைக்கும் ஏத்தியாச்சு. ஆனா என் காசு எனக்கு வேணும்னா 69-ஆவது பிரிவுல என் பேரைப் போட்டு கோரிக்கை வைக்கணும், அதைத்தான் லேபர் கோர்ட்டுன்னு சொல்லுறோம். பேரு வெளிய தெரியாம காசு வேணும்னு கேக்குறவங்களுக்கு அது நடக்காதுன்னு முதல்லயே சொல்லிடுவேன்.

எடுத்துட்டுப் போக வேண்டியது ஐசி (அடையாள அட்டை), வேலைக் கடிதம் இருந்தா அது, ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனியோட சரியான பேரும் விலாசமும் (சட்டையில தச்சிருக்குற பேரு ஒண்ணா இருக்கும், இபிஎஃப் கட்டுற கம்பெனி பேரு வேறயா இருக்கும், இபிஎஃப் ஸ்டேட்மென்ட்ல உள்ளதை எடுங்க), அப்புறம் நேரத்துக்கு ஆதாரம். கடைசியா சொன்னதுதான் கேஸே. ஓட்டி செஞ்சேன்னு சொல்லுறது தொழிலாளி, அதனால என்னிக்கு எத்தனை மணின்னு முதல்ல காட்ட வேண்டியதும் அவருதான். "தினமும் லேட்டாதான் விடுவாங்க சார்"னு சொன்னா அதிகாரி பாவமா பாப்பாரு, ஆனா அதை வச்சு அவரால ஒரு காசு கூட எழுத முடியாது.

அதே சமயம் முதலாளிக்கும் ஒரு கடமை இருக்கு. 61-ஆவது பிரிவுப்படி தொழிலாளர் பதிவேடு வச்சிருக்கணும், ஒவ்வொரு பதிவும் ஆறு வருஷத்துக்குக் கிடைக்கணும். ஸ்லிப் குடுக்குறதும் கட்டாயம்தான், 1957 விதிமுறையில இருக்கு. ஓட்டிக் காசு அடுத்த மாசக் கடைசிக்குள்ள கையில வந்திருக்கணும், அதையும் சட்டமே சொல்லுது. ஆக ஒரு பக்கம் நீங்க 555 புத்தகத்தைக் காட்டுறீங்க, இன்னொரு பக்கம் கம்பெனி தன் பதிவேட்டைக் காட்டணும். காட்ட முடியல, இல்ல ஒரே பேனாவுல ஒரே நாள் உக்காந்து எழுதுன மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்தாங்கன்னா, மழையில நனைஞ்ச உங்க புத்தகத்துக்கு மதிப்பு ஏறிடும்.

அண்ணன் கேஸ்ல நடந்தது அதுதான். அதிகாரி ரெண்டு தரப்பையும் கூப்பிட்ட அன்னிக்கு கம்பெனி சார்புல ஒரு பையன் வந்தான், அழகா கம்ப்யூட்டர்ல அடிச்ச ரோஸ்டர், நாளைக்கு எட்டு மணி நேரம், மூணு ஷிப்ட், மூணு பேரு. பாத்ததும் அண்ணனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. நான் கூட இல்ல, வெளிய உக்காந்திருந்தேன், அப்புறம் அவரு சொல்லித்தான் தெரியும். அந்தக் கம்பெனியில ஒரு வழக்கம், செக்யூரிட்டி தூங்காம இருக்காரான்னு பாக்க மணிக்கு ஒரு தடவை போஸ்ட்ல நின்னு போட்டோ எடுத்து சூப்பர்வைசரோட வாட்ஸ்அப் குரூப்ல போடணும். காலைல ஏழு மணிக்கு ஒரு போட்டோ, எட்டுக்கு ஒண்ணு, இப்படி சாயங்காலம் ஏழு வரைக்கும் ஒரே ஆளு, ஒரே மீசை, ஒரே கேட்டு. வேலையை விட்டதும் குரூப்ல இருந்து அவரைத் தூக்கிட்டாங்க, ஆனா பழைய மெசேஜ் எல்லாம் போன்லயே இருந்துச்சு. அண்ணன் போனை மேசையில வச்சாரு, அதிகாரி விரலால தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே போனாராம், அந்தப் பையன் ரோஸ்டரை மெதுவா மடிச்சு ஃபைல்ல வச்சுட்டானாம்.

அதனால வேலையை விடுறதுக்கு முன்னாடி குரூப் சாட்டை முழுசா ஈமெயிலுக்கு அனுப்பி வச்சுக்குங்க, போன் கீழ விழுந்து உடைஞ்சா கேஸும் உடையும். பஞ்ச் கார்டு இருந்தா மாசக் கடைசியில ஒரு போட்டோ. நேரம் எழுதுறதை அன்னன்னிக்கே எழுதணும், ஆறு மாசம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எழுதுனது பாத்தாலே தெரிஞ்சிடும், எல்லாமே ஏழு, ஏழு, ஏழுன்னு இருக்கும். அண்ணன் புத்தகத்துல 7.10, 6.55, ஒரு நாள் மாத்த வர்ற ஆளு மோட்டர் பஞ்சராகி 8.40, இப்படி இருந்ததைப் பாத்தே எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

பேச்சுவார்த்தையில முடியலன்னா விசாரணை. கறுப்பு கோட்டு, கூண்டு எல்லாம் இல்ல, அதிகாரி முன்னாடி ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுறது, ஆனா சத்தியம் வாங்கி, சாட்சியைக் கூப்பிட்டு, எழுத்துல பதிவு பண்ணி, உத்தரவு போடுற அதிகாரம் அவருக்கு இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல. மலாய் சரளமா வராதவங்க பயப்படாம முதல்லயே சொல்லணும், தலையாட்டிட்டு வந்துடக் கூடாது. நாளு இழுக்கும், ரெண்டு மூணு தடவை போக வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் அந்த நாள் கூலி போகும், இதை மறைக்க நான் விரும்பல. உத்தரவு வந்து கம்பெனி கட்டலன்னா 31-ஆவது நாள்ல இருந்து வருஷத்துக்கு எட்டு சதவீத வட்டி ஓடும், உத்தரவை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பி அங்க இருந்து வசூல் பண்ணுற வழியும் இருக்கு. பிடிக்காத தரப்பு ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம்.

காண்ட்ராக்டர் காணாமப் போறதுதான் பெரிய தலைவலி. போர்டை மாத்தி வேற பேருல நிப்பாங்க. இதுக்கு 33-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தன்னோட தொழில் வேலையை காண்ட்ராக்ட்ல குடுத்த பெரிய முதலாளியும் கூலிக்குப் பொறுப்பு, தொடர்ச்சியா மூணு மாசக் கூலி வரைக்கும். ஆனா கூலி வர வேண்டிய நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள புகார் போயிருக்கணும். "இந்த மாசம் சேத்துத் தர்றேன், அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்"னு காண்ட்ராக்டர் இழுக்குறப்ப அந்த 90 நாளும் சேந்தே ஓடுது, அவருக்கு அது நல்லாவே தெரியும், எங்க பழைய முதலாளி அதை காலண்டர்ல எண்ணி வச்சிருந்ததை நான் பாத்திருக்கேன்.

வேலையில இருந்துக்கிட்டே புகார் குடுக்கலாமா, தூக்கிட்டா என்ன பண்ணுறதுன்னுதான் எல்லாரும் கேக்குறது. தூக்குனா அது வேற கேஸ், வேற ஆபிஸ், பெர்ஹுபுங்கான் பெருசஹான்னு சொல்லுற தொழில் உறவு இலாகா, வேலை போன 60 நாளுக்குள்ள அங்க மனு குடுக்கணும். லேபர் ஆபிஸ்ல ஓட்டி கேஸ் ஓடுதே, அதுலயே இதையும் பாத்துக்குவாங்கன்னு நினைச்சு 60 நாளைக் கோட்டை விட்ட தம்பி ஒருத்தன் எங்க தாமான்லயே இருக்கான்.

எஸ்டேட்ல இன்னும் வெட்டு வேலை செய்யிறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் மாறும். டன் கணக்குல கூலி வாங்குறவருக்கு ஒரு நாள் கூலின்னா போன மாசம் வாங்குன மொத்தக் கூலியை உண்மையா வேலை செஞ்ச நாளால வகுக்குறது, 26 இல்ல. சங்கத்து உறுப்பினரா இருந்தா ஒப்பந்தத்துல இதை விட நல்லதா ஏதாவது இருக்கான்னு முதல்ல பாக்கணும்.

அண்ணனுக்கு 1,700 சம்பளத்துல எட்டு மாசம், மாசம் 930-ன்னு 7,440 வந்துச்சு. கம்பெனி முதல்ல மூவாயிரம்னு ஆரம்பிச்சு, அந்த போட்டோ எல்லாம் பாத்ததுக்கப்புறம் 6,500-க்கு வந்தாங்க, ரெண்டு தவணை, அதிகாரி முன்னாடியே எழுதி கையெழுத்து. விசாரணைக்குப் போயிருந்தா முழுசும் கிடைச்சிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் ஒரு ஆதங்கம். அண்ணன் கேக்கல, மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட நாள் நெருங்கிடுச்சு. "தொள்ளாயிரத்துச் சில்லறைக்காக நான் இன்னும் நாலு தடவை சுங்கை பட்டாணிக்கு மோட்டர்ல போகணுமா, போப்பா" ன்னுட்டாரு. அவரு காசு, அவரு கால்வலி.

இப்ப வேற இடத்துல வேலை, அங்கயும் ஏழுல இருந்து ஏழு. முதல் வாரமே போன் பண்ணுனாரு. "தம்பி, டியூட்டி ஏழு மணிக்குதான், ஆனா மாத்தி விடுறதுக்கு ஆறே முக்காலுக்கே வந்து நில்லுங்கிறான், அந்தக் கால் மணி நேரத்தை எழுதணுமா வேணாமா?" எழுதுங்கண்ணேன்னேன். "அப்ப 555 ரெண்டு வாங்கிடுறேன், ஒண்ணு சீக்கிரம் தீந்துடும்" ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.